சாது மிளகாய்

பிப்ரவரி 6

மச்சானுக்கு வணக்கம்.

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. போனில் கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதுமே "ராங் நம்பர்" என்று வைத்துவிடுகிறீர்கள். சொந்தத் தங்கையின் புருஷன் ராங் நம்பர் என்றால், நல்ல நம்பர் என்று தேடிப் பிடித்துக் கட்டி வைத்தது நீங்கள்தான். நான் என்ன செய்ய?

விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. உங்கள் தங்கைக்கு வாயில் புற்றுநோய். நாக்கின் ஓரத்தில் வந்த புண் ஆறாமலே இருந்து, கடைசியில் அதுவென்று தெரிந்தது. அறுவை செய்து, கரண்ட் வைத்தியம் என்கிற கதிர்வீச்சும் கொடுத்து முடித்தாயிற்று. உங்களிடம் மூச்சு விடக் கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். அதை மீறித்தான் எழுதுகிறேன். என் தலைக்கு என்ன வந்தாலும் வரட்டும், கொட்டுவதற்கு அதில் முடியும் இல்லை.

கட்டி போய்விட்டது என்கிறார்கள். ஆனால் வாய் முழுக்க வெந்த புண்ணாகக் கிடக்கிறது. பேச்சு நின்றுவிட்டது. சிலேட்டில் எழுதித்தான் என்னைத் திட்டுகிறாள். சாப்பாடு இறங்குவதில்லை. காரம் நாக்கில் படவே கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. நீங்களே பார்த்திருக்கிறீர்கள், பச்சை மிளகாயை வெள்ளரிப் பிஞ்சு மாதிரி கடித்துக்கொண்டு சாப்பிடுகிறவள் அவள். இப்போது கஞ்சியையும் மசித்த உருளைக்கிழங்கையும் கொண்டுபோனால் "சுண்ணாம்பு" என்று எழுதிக் காட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள்.

எடை இறங்கிக்கொண்டே போகிறது. எடை ஏறாவிட்டால் அடுத்த கட்ட மருந்தை உடம்பு தாங்காதாம். வாய் வழியாக இறங்கவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஊற்ற வேண்டியதுதான் என்கிறார் டாக்டரம்மா. இவளோ குழாய் கூடவே கூடாது என்கிறாள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டாள். "அப்புறம் நான் மனுஷியா, பாட்டிலா?" என்று எழுதினாள்.

போன வாரம் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து சிலேட்டில் ஒரே ஒரு சொல் எழுதினாள்: "சாது". உங்கள் தோட்டத்து மிளகாய். மிளகாய் வாசம் இருக்கும், காரம் இருக்காது என்பதால் சின்ன வயதில் நீங்கள் இருவரும் அதற்கு வைத்த பெயர். கடையில் குடைமிளகாய் வாங்கிச் சுட்டுக் கொடுத்துப் பார்த்தேன். "தண்ணிக்காய்" என்று தள்ளிவிட்டாள்.

காய் இருந்தால் காய், இல்லாவிட்டால் விதை, எதையாவது அனுப்புங்கள். நான் கேட்டது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 17

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இப்படி ஒரு சேதியை ராங் நம்பர், நல்ல நம்பர் என்று ஆரம்பிக்கிற ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

காய் இல்லை. செடியெல்லாம் பிடுங்கியாயிற்று. உலர்த்தி வைத்திருந்ததும் மழையில் பூசணம் பிடித்து எருக்குழிக்குப் போய்விட்டது. விதை இருக்கிறது. இருப்பதிலேயே புது விதையாகப் பார்த்து மடித்து வைத்திருக்கிறேன். புது விதைதான் தவறாமல் முளைக்கும். இப்போது விதைத்தால் ஜூனில்தான் காய். நீங்களும் நானும் தலைகீழாக நின்றாலும் அதற்கு முன்னால் வராது.

நக அளவு ஆழத்துக்கு மேல் புதைக்காதீர்கள். மட்கிய இலை உரம் போதும், வேறு எதுவும் போட வேண்டாம். தண்ணீரைத் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது.

பூச்சி வந்தால் கையால் எடுங்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்குச் செய்த உபகாரத்தை அங்கேயும் செய்துவிட வேண்டாம். ரசாயனம் படாத விதைப்பண்ணை என்று சான்றிதழ் வாங்க நான் நாயாக அலைந்தது ஊருக்கே தெரியும். நான் கண் விழிப்பதற்குள் கடை மருந்தை வாங்கி வந்து, மச்சானுக்கு உதவி என்று தோட்டம் முழுக்க அடித்து வைத்தீர்கள். சோதனைக்கு வந்தவர் இலையைக் கிள்ளிக்கொண்டு போனார், சான்றிதழும் போனது. நான் போகச் சொன்னது உங்களைத்தான். உங்கள் வீட்டுக்காரியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அது அவள் இஷ்டம்.

எடை இறங்குகிறது என்று எழுதினீர்கள். எவ்வளவு என்று எழுதவில்லை. எழுதுங்கள்.


மார்ச் 12

மச்சானுக்கு,

நாற்பத்தொரு கிலோ. எழுதவே கை வரவில்லை.

விதை வந்த அன்றே விதைத்துவிட்டேன். உங்களைப் போல எனக்கு நிலபுலன் ஏது? சமையலறை ஜன்னலுக்கு வெளியே இரும்புக் கம்பிக் கூண்டு ஒன்று இருக்கிறது. அதில் பழைய பெயின்ட் டப்பாக்களைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு வரிசையாக வைத்திருக்கிறேன். முளைத்துவிட்டதா என்று தினமும் குச்சியால் கிளறிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கிளறினால் எப்படி வரும் என்று நீங்கள் பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. மிச்சம் வைத்திருந்த விதையைப் போட்டேன், இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஐந்து முளைத்திருக்கின்றன. பகல் முழுக்கக் கண்ணாடிக்கடையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறவனுக்கு இது பெரிய விவசாயம்தான், சிரிக்காதீர்கள்.

ஒரு சங்கடம். அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடைக்கு வந்த ஒருவர் கொடுத்த விதை என்று சொல்லித்தான் வைத்திருந்தேன். நீங்கள் விதை மடித்து அனுப்பிய காகிதத்தைக் குப்பையில் போடாமல் அலமாரியில் வைத்தது என் முட்டாள்தனம். அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முனையை உள்ளே செருகி மடிக்கிற அந்த மடிப்பு உங்கள் வீட்டில் மட்டும்தான் உண்டாமே? நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். திட்டு வரவில்லை. அன்று சாயந்திரம் மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, டப்பாக்களை வெயில் படுகிற பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

கஞ்சி மட்டும் அப்படியே திரும்பி வருகிறது. பாலில் முட்டை அடித்துக் கொடுக்கிறேன். கெஞ்சுகிறேன். கோபப்படுகிறேன். கோபப்பட்டுவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். இதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை, மச்சான்.


மார்ச் 24

மாப்பிள்ளைக்கு,

இனி எதையும் கிளறாதீர்கள். ஆறு இலை வந்த பிறகு ஒரு டப்பாவுக்கு ஒரு செடி என்று பிரித்து நடுங்கள். வேரை விரலால் தொடாதீர்கள், மண்ணோடு தூக்குங்கள். ஐந்து செடி போதும். ஒரு ஆள் சாப்பிட ஐந்து செடி தாராளம்.

நானும் அதே விதையை இங்கே அதே வாரத்தில்தான் போட்டிருக்கிறேன். இங்கே என்ன நடக்கிறதோ அதுதான் அங்கேயும் நடக்கும். இங்கே பார்த்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு நன்றி. விதைப்புக் காலம், ஆள் இல்லை என்று சொல்லலாம். அதுவும் பொய்யில்லை. ஆனால் அவள் போகும்போது, நீயாக வந்து கூப்பிட்டாலொழிய உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றாள். கூப்பிட்டிருக்க வேண்டும். முதல் மாதமே கூப்பிட்டிருந்தால் சண்டை சிரிப்போடு போயிருக்கும். இப்போது வந்து நின்றால், நோய் வந்தால்தான் அண்ணனுக்கு வழி தெரியுமா என்று கேட்பாள். எழுதிக் கேட்பாள். அதைப் படிக்க எனக்குத் தைரியம் இல்லை.

முட்டையோடு கொஞ்சம் வெண்ணெயும் சேருங்கள்.


மே 4

மச்சானுக்கு,

முதலில் நல்ல சேதி. செடிகள் முழங்கை உயரம். ஐந்தும் பூத்துவிட்டன. இலைப்பேன் வந்தது. பயப்படாதீர்கள், மருந்துக் கடைப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. கடையிலிருந்து பூதக்கண்ணாடியும் லென்ஸ் துடைக்கிற பிரஷும் கொண்டுவந்து, இலை இலையாகப் புரட்டி ஒவ்வொரு பேனாகத் தட்டிவிட்டேன். கட்டிலில் உட்கார்ந்தபடி இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குத் தலையில் பேன் பார்க்கச் சொன்னா ஓடுவீங்க" என்று எழுதினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்ததில் உதடு வெடித்து ரத்தம் வந்தது. அதோடு சிரிப்பும் நின்றது.

இனி மற்ற சேதி. முப்பத்தெட்டு. டாக்டரம்மா குழாய் விஷயத்தை மறுபடி எடுத்தார். ஜூன் மாதம் வரை பார்ப்போம், அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியாது என்றார். வெளியே வந்த பிறகு இவள் எனக்கு எழுதினாள்: "மிளகாய் வரட்டும்." எல்லாவற்றையும் அந்த ஐந்து டப்பாவின் மேல் போட்டுவிட்டாள். வெயிலில் பூ உதிர்கிறது. பூவைக் காயாகு என்று மிரட்ட முடியுமா? விரலால் செடியைத் தட்டிக் கொடுத்தால் காய் பிடிக்கும் என்று இவள் எழுதிக் காட்டினாள். தட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. நேற்று உங்களைக் கேட்கச் சொல்லி ஒரு கேள்வி எழுதினாள். நாலு வருஷத்தில் உங்களுக்கென்று அவள் எழுதிய முதல் வரி. அப்படியே எழுதுகிறேன்: "இந்த விதை எடுத்த வருஷம் பூவுக்குப் பை கட்டினானா, கேளுங்க."

பை என்றால் என்ன என்று கேட்டேன். விதைக்கு விடுகிற செடியின் பூவைத் துணிப்பை போட்டு மூடிக் கட்டிவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் தேனீ வேறு மிளகாயின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடுமாம். கல்யாணத்துக்குப் பிறகும் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து அவள் தைத்துத் தைத்து மூட்டை கட்டியது இதற்குத்தானா? நான் அதைத் தலையணை உறை என்று நினைத்து, இவ்வளவு சின்னத் தலை யாருக்கு என்று கேட்டிருக்கிறேன்.


மே 15

மாப்பிள்ளைக்கு,

விதைத் தொழிலை எனக்குக் கற்றுக் கொடுக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். அவள் பை இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. தேனீ தாண்டி வராமலிருக்கத் தோட்டத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்குச் சோளம் போட்டிருந்தேன். என் விதை இதுவரை யாரையும் ஏமாற்றியதில்லை.

கோபமாக எழுதிவிட்டேன். எழுதியதை அடித்தால் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். அவள் கேட்டதே சந்தோஷம். கேட்டாள் என்பதை மட்டும் நாலு தடவை படித்தேன்.

காய் வந்தால் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். உங்கள் சமையல் லட்சணம் எனக்குத் தெரியும், அதனால் விவரமாகவே எழுதுகிறேன். காய் விரல் நீளம் வந்து, தோல் பளபளக்கும்போது பறியுங்கள். அடுப்புத் தீயில் நேராகக் காட்டித் தோல் கருகும்வரை திருப்பித் திருப்பிச் சுடுங்கள். சுட்டதைக் கிண்ணத்தில் போட்டுத் தட்டால் மூடிவிடுங்கள். ஆறியதும் தோல் சட்டை கழற்றுகிற மாதிரி வந்துவிடும். ஒரு துணுக்குத் தோல்கூட இருக்கக் கூடாது, புண்ணைக் கீறும். விதையை எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளை நரம்பை எடுக்க வேண்டாம். மற்ற மிளகாயில் காரம் அங்கேதான் இருக்கும், சாதுவில் வாசம் அங்கேதான் இருக்கிறது. வெந்த உருளைக்கிழங்கு, வெண்ணெய், கொஞ்சம் உப்பு, இந்த மிளகாய். எல்லாவற்றையும் துணியில் வடிகட்டுகிற பதத்துக்கு மசியுங்கள். ஆறவைத்துக் கொடுங்கள்.

சின்ன வயதில் பாப்பா (வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம்) அதை விரலால் வழித்துத் தின்பாள். பாத்திரத்தைக் கழுவவே வேண்டியிருக்காது.


ஜூன் 9

மாப்பிள்ளை,

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் மற்ற வேலையை விட்டுவிட்டு முழுக்கப் படியுங்கள்.

பாப்பாவுக்கு இன்னும் காய் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். இன்று காலை என் செடிகளில் முதல் காய் பறித்தேன். வழக்கம்போல ஒவ்வொரு செடியிலும் ஒன்று கடித்துப் பார்த்தேன். பெரும்பாலும் சாதுதான். நடுவில் ஒரு செடி. கடித்ததும் காது அடைத்துவிட்டது. அடுத்த வரிசையில் இன்னொன்று, அதைவிட மோசம். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அதே நீளம், அதே பளபளப்பு.

அந்த வருஷம் பை கட்டவில்லை. பழைய பைகள் கிழிந்துவிட்டன, புதிதாகத் தைத்துத் தரச் சொல்லி அவளிடம் எப்படிக் கேட்பது? சோளம் போதும் என்று நினைத்தேன். அடுத்த தோட்டத்துக்காரர் காரமிளகாய் போட்டிருந்தார். தேனீக்குச் சோளமும் ஒன்றுதான், வேலியும் ஒன்றுதான்.

ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு காயைப் பறித்து, காம்புப் பக்கம் நீங்கள் கடித்துப் பாருங்கள். எரிந்தால் அந்தச் செடியைத் தூரப் போடுங்கள். ஒரு செடி ஒரு குணம்தான், ஒன்றைக் கடித்தால் அந்தச் செடி முழுக்கத் தெரிந்துவிடும். அவசரத் தபாலில் அனுப்புகிறேன். போனும் போடுகிறேன், எடுங்கள்.


ஜூன் 10

என் அருமை மச்சானுக்கு,

சாப்பிட்டாள்!

கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கடைக்கு லீவு சொல்லிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன் நேற்றிலிருந்தே சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கிறது, கிடக்கட்டும். இதைப் போனில் சொன்னால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

பச்சை டப்பாச் செடிதான் முந்திக்கொண்டது. இரண்டு காய், நீங்கள் சொன்ன விரல் நீளம். ஒன்றைப் பறித்தேன், மற்றதை நாளைக்கு என்று விட்டுவைத்தேன். தீயில் காட்டினேன். மச்சான், அந்த வாசம்! கட்டிலிலிருந்து எழுந்து, யாரும் பிடிக்காமல், சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். கதவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். தோலை உரித்தேன், வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் துணுக்குத் தேடினேன். நரம்பை விட்டேன். துணியில் வடிகட்டினேன். ருசி பார்க்கத்தான் ஆசையாக இருந்தது, ஆனால் என் வாய் பட்ட கரண்டி அவள் புண்ணுக்கு ஆகாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவள்தான் முதலில் சாப்பிட வேண்டும் என்றும் இருந்தது.

முதல் கரண்டி வாயில் வைத்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நானும் அழுதேன். போதுமா என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு வாயைத் திறந்தாள். இரண்டாவது கரண்டி, மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் என் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கிண்ணம் காலி. கடைசியில் சிலேட்டை வாங்கி எழுதினாள்: "மிளகாய்தான்." அதற்குக் கீழே, "நல்லா இருந்துச்சுன்னு அண்ணனுக்கு எழுதுங்க."

எழுதிவிட்டேன். இப்போது போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள். உங்கள் விதைக்கும் உங்களுக்கும் ஒரு கும்பிடு.


ஜூன் 14

மாப்பிள்ளை,

உங்கள் பத்தாம் தேதிக் கடிதம் இப்போதுதான் வந்தது. என்னுடையது வந்ததா?

பச்சை டப்பாவில் இன்னொரு காய் இருக்கிறதே, அதைக் கடித்துப் பார்த்தீர்களா?

கண்ணில் தண்ணீர் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பாப்பா சின்ன வயதில்கூட அழுத்தக்காரி. ருசியாக இருக்கிறது என்று அழுகிற ஜாதி இல்லை.

போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன். நேற்று ஒரு தடவை எடுத்தீர்கள். யாரோ "ராங் நம்பர்" என்று சொன்ன மாதிரி கேட்டது. அது நீங்களா? ஒரு வரி போதும், எழுதுங்கள்.


ஜூன் 18

மச்சானுக்கு,

நான்தான். உங்கள் பெயர் போனில் வந்தது, எடுத்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. வாயில் அதுதான் வந்தது. மன்னித்துவிடுங்கள்.

உங்கள் கடிதம் பதினொன்றாம் தேதி சாயந்திரம் வந்தது. நின்றுகொண்டே படித்தேன். படித்துவிட்டு ஜன்னலுக்குப் போய் அந்தச் செடியின் இரண்டாவது காயைப் பறித்துக் கடித்தேன். குழாயடியில் எவ்வளவு நேரம் வாயைக் காட்டிக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. புண் இல்லாத வாய் என்னுடையது. அவள் ஒரு கிண்ணம் சாப்பிட்டிருக்கிறாள். நான் ஊட்டியிருக்கிறேன். நல்லா இருக்கா, நல்லா இருக்கா என்று கேட்டுக் கேட்டு ஊட்டியிருக்கிறேன்.

அதற்குள் அவளுக்கு நாக்கும் தொண்டையும் வீங்கிவிட்டன. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துண்டில் வழியவிட்டுக்கொண்டு, என்னைப் பார்த்ததும் துண்டை மறைத்தாள். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். குழாய் வைத்துவிட்டார்கள். கையெழுத்து என்னிடம்தான் கேட்டார்கள். அவள் முகத்தைப் பார்த்தேன், தலையாட்டினாள். வேண்டாம் என்று சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். சண்டை போட அவளிடம் தெம்பு இல்லை.

மிளகாய் இல்லாவிட்டாலும் இந்த மாதம் குழாய் வைத்துத்தான் இருப்போம், உங்களை நீங்களே குத்திக்கொள்ளாதீர்கள் என்றார் டாக்டரம்மா. எடை அந்த அளவுக்குப் போய்விட்டதாம். உண்மையைச் சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா, எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அடுத்த மருந்து எப்போது என்றால், பார்க்கலாம் என்கிறார். இனி வாயால் சாப்பிடுவாளா என்றாலும் பார்க்கலாம்தான்.

மூன்றாம் நாள் சிலேட்டைக் கேட்டாள். நான்தான் முதலில் கேட்டேன். முதல் கரண்டியிலேயே தெரிந்திருக்குமே, ஏன் விழுங்கினே, என் மூஞ்சியிலேயே துப்பியிருக்கலாமே என்று கத்திவிட்டேன். வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் எடுத்து எழுதினாள். எழுத்து கோணல் மாணலாக இருந்தது.

"நாலு வருஷம் கழிச்சு அண்ணன் குடுத்தது. எப்படித் துப்புறது?"

பிறகு அதை அழித்துவிட்டு, உங்களுக்கு இதைப் பற்றி எழுதக் கூடாது என்று மறுபடி என் தலையில் கை வைத்தாள். எழுதிவிட்டேன். இதைத் தனியாக வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. உங்கள் மேல் கோபப்பட்டும் பார்த்தேன், வரவில்லை. அன்றைக்கு நான் நல்லது என்று நினைத்து மருந்து அடித்தேன், இன்றைக்கு நீங்கள் நல்லது என்று நினைத்து விதை அனுப்பினீர்கள். உங்களைத் திட்டினால் என்னையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும்.

மற்ற நாலு செடியையும் கடித்துப் பார்த்தேன். நாலும் சாது. காய்த்துத் தொங்குகிறது. யாருக்கு?


ஜூன் 23

மாப்பிள்ளைக்கு,

நாளை காலை முதல் வண்டிக்குக் கிளம்புகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேருமோ, பின்னால் வருமோ தெரியாது. போனில் சொல்ல உங்களைப் போலத்தான் எனக்கும் வாய் வரவில்லை.

நோய் வந்தால்தான் வழி தெரியுமா என்று அவள் கேட்டால் கேட்கட்டும். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

மத்தியானத்திலிருந்து பயணப் பை கட்டுகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்திருக்கிறேன். பூசணிக்காய் ஒன்று பறித்து வைத்தேன். பிறகு அவள் எப்படிச் சாப்பிடுவாள் என்று ஞாபகம் வந்தது, எடுத்து வெளியே வைத்தேன். பசுவெண்ணெய் கடைந்து வைத்தேன், அதையும் எடுத்துவிட்டேன். தேன் இருந்தது, அதுவும் போனது. இந்த மண்ணில் என்னென்னவோ விளைகிறது, மாப்பிள்ளை. ஊர் ஊராகப் போய்ச் சேருகிறது. அவள் வாயில் வைக்க என்னிடம் ஒன்றுகூட இல்லை. இரண்டு வேட்டியும் ஒரு துண்டும் மட்டும் பையில் கிடக்கிறது. வெறுங்கையோடு அவள் முன்னால் போய் நிற்பதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஆனால் இனியும் எதையாவது அனுப்பிவிட்டு இங்கே உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

குழாயில் என்ன ஊற்றுகிறீர்கள், எப்படி ஊற்றுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. எவ்வளவு சூடு, எவ்வளவு மெதுவாக, கையை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும், எல்லாவற்றையும் சொல்லிக் கொடுங்கள். நான் சரியாகச் செய்கிறேனா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். தினமும் ஒரு வேளை மட்டும் எனக்குக் கொடுங்கள். பாப்பாவுக்கு நான் ஊற்றுகிறேன்.